கூரை ஓரிடம், நிழல் வேறிடம்

கூரை போட்டிருக்கிறது, அடியில் பெஞ்சும் இருக்கிறது. பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள்: பெஞ்ச் வெயிலில் காய்கிறது, ஆட்களோ கூரைக்கு வெளியே கிழக்குப் பக்கம் ஒண்டி நிற்கிறார்கள்.

காரணம் சின்னக் கணக்குதான். பூமி சுழல்வதால் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நண்பகலில் நேர் உச்சியில் இருந்த சூரியன், நான்கு மணி நேரம் கழித்துத் தரையிலிருந்து சுமார் 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது 3 மீட்டர் உயரக் கூரையின் நிழல் ஏறக்குறைய 5 மீட்டர் கிழக்கே தள்ளி விழும். கூரையின் அகலமே 4 மீட்டர் என்றால் அடியில் நிழல் ஏது? கூரையை அகலமாக்கிக்கொண்டே போவதைவிட மேற்குப் பக்கம் ஒரு கொடிப்பந்தலைத் தாழ இறக்கிவிடலாம். முழுக்க அடைத்துவிடாதீர்கள், வியர்வை உலரக் காற்று வேண்டும்.

சரி, நிழல் கிடைத்துவிட்டது. எல்லா நிழலும் ஒன்றா? வெயிலிலும் நிழலிலும் காற்றின் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்மைச் சுடுவது கதிர்வீச்சு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் இறங்குகிறது. தகரக் கூரை அதைத் தடுக்கிறது, ஆனால் தானே சூடேறி அகச்சிவப்புக் கதிராகக் கீழே அனுப்புகிறது. இஸ்திரிப் பெட்டிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் தொடாமலே சுடுகிறதல்லவா, அதே கதைதான். தலைக்கு மேலே பெரிய இஸ்திரிப் பெட்டி!

மரம் அப்படியல்ல. இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு, ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவு வெப்பம் தேவை. பெரிய மரம் ஒரே நாளில் பல பத்து லிட்டர் நீரை ஆவியாக்கும். ஆனால் மரம் வளரும்வரை காத்திருக்க வேண்டுமே! அதுவரை தகரம்தான் என்றால் மேலே வெள்ளை அடித்து, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டலாம். இடைவெளியில் காற்று ஓடினால் தட்டி அவ்வளவு சுடாது.

வேலையைத் தொடங்குமுன் கூரை வரப்போகும் உயரத்துக்கு ஒரு கம்பு நட்டு, மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோடைக்கு ஒரு நாள், அப்புறம் சில மாதம் கழித்து இன்னொரு நாள். மாலையில் கூட்டம் சேரும் இடமென்றால் நான்கு மணிக் கோட்டைப் பார்த்துப் பெஞ்சைப் போடுங்கள். கூரைக்கு வெளியே போய்விட்டதே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.