வீடு கச்சாவா பக்காவா, எப்படி பாக்குறாங்க?

"சுவரு விரிசல் விட்டு நிக்குது, மழை வந்தா உள்ள பக்கெட்டு வைக்கிறோம், ஆனா லிஸ்ட்ல பேரு வரல"ன்னு கேக்காத ஊரே இல்ல. பிரதமர் வீடு கட்டும் திட்டத்துல, அதாவது கிராமத்துக்கான திட்டத்துல, வீடு எந்த அளவுக்கு ஒழுகுதுன்னு யாரும் அளக்கிறதில்ல. சுவரும் கூரையும் எதுல கட்டினது, எத்தனை ரூம், அவ்ளோதான். நிரந்தரமில்லாத பொருள்ல கட்டினா கச்சா, நிரந்தரப் பொருள்ல கட்டினா பக்கா, பக்கா வீடு இருந்தா இந்தத் திட்டம் கிடையாது. வீடே இல்லாதவங்க முதல்ல, அப்புறம் தனி ரூம்னு ஒண்ணுமே இல்லாதவங்க, ஒரு ரூம், ரெண்டு ரூம்னு வரிசை போகும், கச்சா வீடாவே இருந்தாலும் மூணு ரூம்னு எழுதிட்டா வாய்ப்பு போச்சு.

இங்கதான் உஷாரா இருக்கணும். சென்சஸ் கணக்குல ரூம்னா குறைஞ்சது 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், ஒரு ஆளு படுத்து எந்திரிக்கிற அளவு. சமையக்கட்டு, பாத்ரூம், சாமான் போடுற ரூம், தாழ்வாரம் எதுவும் சேராது (அடுப்பும் படுக்கையும் ஒரே எடத்துலன்னா மட்டும் அது ரூம்). ஆனா கணக்கெடுக்க வந்தவங்க கேட்டதும் நம்மாளு கெத்தா "மூணு ரூம் சார்"னு அடுப்படியையும் சேத்து சொல்லிடுவாரு.

பொருள்லயும் இதே கூத்துதான். ஓலை, தார்ப்பாய், மண் சுவரு, சுடாத பச்சைக்கல் எல்லாம் கச்சா. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு சென்சஸ்ல நிரந்தரப் பொருள், மே மாசம் அதுக்கு கீழ படுத்தவங்களுக்குத்தான் தெரியும் அது என்ன வீடுன்னு. பக்கா வீடுன்னா சாதாரண பராமரிப்புல 30 வருஷமாவது தாங்கணும்னு திட்டத்தோட விதியே சொல்லுது, ஆனா கம்பி தெரியிற பழைய தளம் போட்ட வீடும் படிவத்துல கான்கிரீட்டுதான்.

2024ல பிரதமர் திட்டத்துல இருந்த சில தடைய எடுத்துட்டாங்க: பைக், ஃபிரிட்ஜ், லேண்ட்லைன் இருந்தா இப்ப பிரச்சனை இல்ல, மாச வருமான வரம்பும் 10,000த்துல இருந்து 15,000 ஆச்சு. கார் வச்சிருந்தா இப்பவும் கிடையாது.

தமிழ்நாடு அரசோட வீட்டுத் திட்டமான கலைஞரின் கனவு இல்லம் வேற கணக்கு, குடிசையில குடியிருக்கணும், எடம் சொந்தமா இருக்கணும், கிடைக்கிறது 3.5 லட்சம் ரூபா, வீடு 360 சதுர அடி, அதுல 300 கான்கிரீட் கூரை. மத்திய திட்டத்துல குறைஞ்சது 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்கு கொஞ்சம் கம்மி, சமையக்கட்டையும் சேத்து.

லிஸ்ட்ட கிராம சபையில வச்சுத்தான் சரிபாக்கணும், அன்னைக்கு போயி உங்க பேருக்கு நேரா எத்தனை ரூம் போட்டிருக்குன்னு கேளுங்க.