ஓதம் ஏறிய சுவரும் வீட்டின் விலையும்

நங்கநல்லூரில் இருந்த அம்மாவின் ஃப்ளாட்டை விற்பது என்று முடிவானதும், முதலில் செய்த வேலை பெயின்ட் அடித்ததுதான். பட்டி பார்த்து இரண்டு கோட்டு அடித்ததில், பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பூத்திருந்த உப்பும் மறைந்துவிட்டது. வீடு பார்க்க வந்த முதல் குடும்பத்தோடு ஒரு பாட்டியும் வந்திருந்தார். அந்த அறை வாசலிலேயே நின்று, "ஏம்மா, இங்க ஓத வாடை அடிக்குதே, தண்ணி எங்கயாச்சும் கசியுதா?" என்றார். "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று அம்மா சொன்னதில் பொய் கிடையாது. 22 வருடம் அங்கேயே வாழ்ந்தவருக்கு அந்த வாடை நிஜமாகவே தெரியவில்லை. அடிக்கடி போய்வந்த எனக்கும் தெரியவில்லை.

நம் மூக்கின் வேலை, மாறாத வாசனையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பது அல்ல. புதிதாக வந்ததைச் சொல்வது. வாசனை மூலக்கூறு ஒன்று மூக்கினுள் இருக்கும் நரம்பு செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், செல்லுக்குள் கால்சியம் அயனிகள் நுழைகின்றன. சேதி மூளைக்குப் போகிறது. அதே கால்சியம்தான் அடுத்த கணம் அந்த செல்லின் கூர்மையையும் குறைத்துவிடுகிறது. மூளையும் தன் பங்குக்கு அந்தச் சேதியை ஓரங்கட்டுகிறது. அதனால் சில நிமிடங்களிலேயே வாசனை மங்கிப்போகும். வெளியே போய்வந்தால் கொஞ்சம் மீளும். ஆனால் வருடக்கணக்கில் கூடவே இருந்த வாடைக்கு அதுவும் போதாது.

ஓத வாடையோ மிக நுண்ணிய அளவிலேயே பிடிபடக்கூடியது. ஈரச் சுவரில் வளரும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் எளிதில் ஆவியாகும் பல சேர்மங்களை வெளிவிடுகின்றன. அந்த வகையில் பெயர் பெற்றது ஜியோஸ்மின். முதல் மழையில் மண்வாசனையாக நாம் விரும்பும் அதே பொருள்தான். தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ரூம் ஸ்பிரேயும் ஊதுபத்தியும் இதைப் போக்காது. அதன்மேல் இன்னொரு வாசனையைச் சேர்க்கும், அவ்வளவுதான். வருகிறவர் எதையோ மூடுகிறார்கள் என்று யோசிப்பார்.

சரி, அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது? இதைப் புரிந்துகொள்ளாமல் பெயின்டுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

செங்கல், மணல், சிமென்ட் எல்லாவற்றிலும் கரையக்கூடிய உப்புகள் கொஞ்சம் இருக்கும். செங்கல்லும் பூச்சும் பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் அவற்றின் வழியே தானே ஊர்ந்து ஏறும். திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். துளை குறுகக் குறுக உயரம் கூடும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும். அந்த ஆரம் நூறில் ஒரு பங்கானால் ஒன்றரை மீட்டர் வரை ஏறலாம். தரையிலிருந்து உறிஞ்சும் ஈரம் வழக்கமாக இடுப்பு உயரத்தை ஒட்டி நின்றுவிடும், ஏனென்றால் ஏறும் வேகமும் ஆவியாகும் வேகமும் அங்கே சமமாகின்றன. மாடி ஃப்ளாட்டுகளில் காரணம் பெரும்பாலும் வேறு. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கிலோ தரையில் தண்ணீர் வடியும் நானி ட்ராப் இணைப்பிலோ கசிந்த தண்ணீர் தரைக்கடியில் தேங்கி, பக்கத்து அறைச் சுவருக்குள் ஊர்ந்துவிடுகிறது.

ஏறிய தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டே வருகிறது. சுவரின் முகப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகத் தங்குகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் பூப்பு அதுதான். பெயின்டுக்கு அடியிலேயே படிகம் வளர ஆரம்பித்தால்தான் ஆபத்து. இடமில்லாத துளைக்குள் வளரும் படிகம் சுற்றிலும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பெயின்ட் உப்பி, பட்டி உதிர்ந்து, பூச்சு பொருக்காகக் கழன்று விழுகிறது.

சென்னையில் இன்னொரு சிக்கல் உண்டு. சமையலறை உப்பு ஜாடி சில நாட்களில் தானாகவே நீர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் ஊரில் ஈரப்பதம் பல நாட்கள் விடியற்காலையில் இந்தக் கோட்டுக்கு மேலேயும், வெயில் ஏறிய பிறகு கீழேயும் இருக்கிறது. ஆக, கசிவு நின்ற பிறகும் சுவரில் தங்கிவிட்ட உப்பு, நாள்தோறும் கரைவதும் உறைவதுமாகச் சுவரைத் தின்றுகொண்டிருக்க முடியும். பெசன்ட் நகர், திருவான்மியூர், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அது கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். சீலிங் சிமென்ட் பெயர்ந்து விழுவது இதனால்தான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு, குழாய் இணைப்பு, மேல்தளம் என்றால் மொட்டைமாடித் தட்டோடு. அப்புறம் உதிரும் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும்; தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு காய விட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகுதான் புதுப் பூச்சு, பெயின்ட் எல்லாம்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு, தை பிறந்த பிறகு திரும்ப விற்பனைக்கு வைத்தோம். பிளம்பர் பில்லையும், சுவரைக் கொத்தியபோது எடுத்த படங்களையும் பத்திர நகல்களோடு ஒரே ஃபைலில் வைத்துக் காட்டினோம். குறையை நாமே காட்டுவதா என்று அம்மா தயங்கினார். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து அதை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் மோசமான காராகவும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டே விலை சொல்வார். நல்ல காருக்கும் உரிய விலை கிடைக்காது. வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். புதுப் பெயின்ட் வாசனை மட்டும் இருந்தால் அது சந்தேகம். பெயின்டோடு பில்லும் இருந்தால் அது சாட்சி. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி, சொத்து வரி ரசீது ஆகியவற்றை முதல் நாளே தயாராக வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. நம் கண் மஞ்சள் விளக்கையும் பகல் வெளிச்சத்தையும் தானாகச் சரிசெய்துகொள்ளும், கேமராவுக்கு அது சரியாக வராது. இரண்டும் கலந்தால் பாதி அறை மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் விழும். விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பகலில் எடுங்கள். மிக அகலமான லென்ஸ் வேண்டாம். அறையை மைதானம் போலக் காட்டிவிட்டால், நேரில் வருகிறவர் கண்ணுக்கு அது சுருங்கிப்போகும்.

கடைசியாக விலை. சொந்தப் பொருளை நாம் அதிகமாக மதிக்கிறோம். உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், கையில் காபிக் கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட தொகை, வாங்குவோர் தர முன்வந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படியென்றால், பிள்ளைகள் வளர்ந்த வீட்டுக்கு எப்படி இருக்கும்? மறுபக்கம், முதலில் சொல்லும் எண்ணுக்கு ஓர் இழுப்பும் உண்டு. 1987-ல் அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த ஆய்வில், வீட்டுத் தரகர்களை ஒரே வீட்டைச் சுற்றிப் பார்க்கவிட்டு, கேட்கும் விலையை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். உயர்ந்த விலை சொல்லப்பட்டவர்கள் வீட்டையும் உயர்வாகவே மதிப்பிட்டார்கள். தொழிலிலேயே ஊறியவர்களும் தப்பவில்லை.

அதற்காக இஷ்டத்துக்கு விலை ஏற்றக்கூடாது. உங்கள் அடுக்ககத்தில் கடைசியாகக் கைமாறிய ஃப்ளாட்டுகள் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். இணையத்தில் கேட்கும் விலைகள் விற்ற விலைகள் அல்ல. வில்லங்கச் சான்றில் கைமாற்றுத் தொகை இருக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். கிடைத்த தொகைக்குச் சற்று மேலே, பேரத்துக்கு இடம் விட்டு வையுங்கள். தையில் கூடுதலாக வைத்து ஆனி வரை பிடித்துக்கொண்டிருந்தால், ஆடியில் பலரும் பத்திரப் பதிவையே தள்ளிப்போடுவார்கள். ஆவணியில் வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இத்தனை மாசமா ஏன் போகலை?" என்பதாக இருக்கும். அதற்குக் காட்ட எந்த பில்லும் கிடையாது. குறைப்பதானால் முதல் சில வாரங்களிலேயே குறைத்துவிடுங்கள்.