எக்ஸ்போவுக்குக் கிளம்பும் நெயில் ஆர்ட்டிஸ்ட்டுகளுக்கு

அழகுத் தொழில் கண்காட்சியான எக்ஸ்போவுக்குப் போய்வந்த நெயில் ஆர்ட்டிஸ்ட்டிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்கினே?" பை நிறைய ஜெல் பாட்டிலும் ஸ்டோன் பாக்கெட்டும் இருந்தால் போன காரியம் ஆனது என்று வீட்டிலும் ஒத்துக்கொள்வார்கள். நான்கு பேருடைய போன் நம்பரும், நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்த ஒரு சந்தேகத்துக்குப் பதிலும் மட்டும் கொண்டுவந்தால், "இதுக்காகவா ஒரு நாள் கடையைப் பூட்டினே?" என்ற பேச்சுதான் கிடைக்கும். சென்னையில் நெயில் ஸ்டூடியோ நடத்துகிறவளாகச் சொல்கிறேன். நான் போட்ட காசு திரும்ப வந்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைப் பயணத்தில்தான்.

நம் தொழில் தனியாள் தொழில். பார்லரில் நான்கு பேர் ஹேர் பார்த்தாலும் நெயிலுக்கு ஒரே ஒரு பெண்தான் மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள். நகத்தைத் தேய்க்கும் ஃபைலை அவள் பிடிக்கிற கோணம் சரியா, ஜெல் போடுமுன் நகத்தைத் தயார் செய்யும் ப்ரெப் போதுமா, ஜெல் வெளிச்சத்தில் முழுசாக இறுகி க்யூர் ஆகிறதா என்று பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உரிமத் தேர்வில் தேறினால்தான் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் நகத்தைத் தொடலாம். இங்கே நெயில் டெக்னீஷியனுக்கென்று திறன் பயிற்சிப் பாடத்திட்டம் உண்டு. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை செய்யலாம் என்ற கட்டாயம் இல்லை. சில நாள் கிளாஸ், அப்புறம் யூடியூப், அப்புறம் நேராக கிளையன்ட் கை. நம்மில் பலர் வந்த வழி இதுதான். ஆகவே நம் வேலையை விஷயம் தெரிந்த இன்னொருவர் கண் பார்க்கிற வாய்ப்பு எக்ஸ்போவிலும் மீட்-அப்பிலும்தான் அமைகிறது.

எங்கே போவது என்று கேட்டால், உலக அளவில் பெரிய பெயர் காஸ்மோபுரோஃப். இத்தாலியின் போலோன்யா நகரில் 1967இல் தொடங்கியது. இப்போது ஹாங்காங், அமெரிக்கா, மும்பை என்று கிளை பரப்பியிருக்கிறது. புரொஃபஷனல் பியூட்டி நடத்தும் கண்காட்சிகள் டெல்லி, மும்பை, பெங்களூரு நகரங்களில் நடந்திருக்கின்றன. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காலை ரயிலில் போய் இரவே திரும்பிவிடலாம். தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் அனுமதி என்று வைத்திருக்கும் கண்காட்சிகளில் முன்பதிவும் விசிட்டிங் கார்டும் கேட்பார்கள். கார்டு அடிக்காமல் இருந்தால் இதைச் சாக்காக வைத்தாவது அடித்துவிடுங்கள்.

ஜெல் ஸ்டாலில் நான் முதலில் விசாரிப்பது அதை இறுக வைக்கும் லேம்ப்பைப் பற்றி. ஜெல்லுக்குள் இருக்கும் ஃபோட்டோ இனிஷியேட்டர் என்ற பொருள் குறிப்பிட்ட அலைநீள ஒளியைத்தான் பிடித்துக்கொள்ளும். இன்று கிடைக்கிற எல்இடி லேம்ப்புகள் பலவற்றில் 365, 405 நானோமீட்டர் என்று இரண்டு வகை விளக்குகள் கலந்திருக்கும். எது எத்தனை, எந்த இடத்தில், எவ்வளவு வலுவாக என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்த வாட்ஸ் கணக்கு இதில் எதையும் சொல்லாது. ஒரு கம்பெனி ஜெல்லை வேறொரு கம்பெனி லேம்ப்பில் வைத்தால் மேலே தொட்டுப் பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். அடியில் அரைகுறையாக நிற்கலாம். "எல்லா லேம்ப்பிலும் ஆகும் மேடம்" என்று சேல்ஸ்மேன் சொல்வார். அவரை விட்டுவிட்டு அந்த ஸ்டாலுக்கு வந்திருக்கும் எஜுகேட்டரை, அதாவது கம்பெனியின் பயிற்சியாளரைப் பிடியுங்கள். கம்பெனி எந்த லேம்ப்பில் வைத்துச் சோதித்தது, எத்தனை விநாடி, டார்க் ஷேடுக்கும் வெள்ளைக்கும் அதே நேரம் போதுமா என்று கேளுங்கள். நல்ல எஜுகேட்டர் என்றால் முகம் மலர்ந்துவிடும். அவரிடம் அன்று முழுக்க எல்லோரும் கேட்டது டிஸ்கவுன்ட் மட்டும்தான்.

ஒரு டெமோவில் எஜுகேட்டர், மாடலாக வந்த பெண் லேம்ப்புக்குள் கை வைத்ததும் குனிந்து முன்பக்கமாக எட்டிப் பார்த்தார். ஐந்து விரலையும் சேர்த்து வைத்தால் கட்டைவிரல் தானாகப் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. அதன் நகத்தின் ஒரு ஓரத்தில் வெளிச்சம் சரியாக விழுவதில்லை. நான்கு விரலை ஒரு தடவை, இரண்டு கட்டைவிரலையும் நேராக நிமிர்த்தி இன்னொரு தடவை என்று செய்து காட்டினார். இரண்டு நிமிட விஷயம். 'கட்டைவிரலில் மட்டும் ஏன் எப்போதும் ஜெல் பெயர்ந்து லிஃப்ட் ஆகிறது' என்ற கேள்வியோடு வருஷக்கணக்கில் தவிப்பவர்கள் அந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ரீலில் இந்த இடத்தைக் கட் பண்ணிவிடுகிறார்கள். லேம்ப்புக்குள் இருக்கிற நேரம் பார்க்க போர் அல்லவா.

அரைகுறை க்யூரைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் லிஃப்டிங் மட்டும் இல்லை, அலர்ஜி. ஜெல்லில் இறுகாமல் மிச்சமிருக்கும் மெத்தாக்ரிலேட் என்ற ரசாயனம் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் உடம்பு ஒரு நாள் அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். அப்படிக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மாறாது. இதே குடும்பத்து ரசாயனங்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று சிகிச்சையின் எலும்பு சிமென்ட்டிலும், சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சில சென்சார்களின் பசையிலும் இருக்கின்றன. நகத்தில் தொடங்கிய தொல்லை பல் டாக்டரிடம் போகும்போது குறுக்கே நிற்கலாம்.

ஒரு மீட்-அப்பில் மதுரையிலிருந்து வந்த பெண் ஒருத்தி, ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் வெடித்து உரிகிறது, ஏசியும் சானிடைசரும்தான் காரணம் போல என்று பேச்சுவாக்கில் சொன்னாள். பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா அவள் கையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓரத்துல வழியுற ஜெல்லை எதால துடைக்கிறே?" அந்தப் பெண் தன்னை அறியாமலேயே ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். வெடித்திருந்த அதே இடம். தோல் டாக்டரிடம் போய் அலர்ஜியைக் கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் எடுத்துக்கொள், மரக்குச்சியால் துடை, லேடெக்ஸ் கிளவுஸை விட்டுவிட்டு நைட்ரைல் போடு, அதையும் அடிக்கடி மாற்று என்று அக்கா அங்கேயே சொல்லிவிட்டார். லேடெக்ஸ் இந்த ரசாயனங்களைச் சீக்கிரமே உள்ளே விட்டுவிடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இப்படி ஒரு கேள்வியைக் கேட்க, அதே வேலையைப் பல வருஷம் செய்த கை வேண்டும். ஆன்லைன் குரூப்பில் அவள் போட்டோ போட்டிருந்தால் பத்துப் பேர் பத்து க்ரீம் பெயர் சொல்லியிருப்பார்கள்.

ஐரோப்பாவில் விதி மாறினால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஹெமா (HEMA) என்ற மெத்தாக்ரிலேட் கலந்த நகப் பொருள்கள் அங்கே தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும், அலர்ஜி எச்சரிக்கை அச்சடித்துத்தான் விற்க வேண்டும் என்பது 2021இலிருந்து நடைமுறை. அதைவிடப் பெரிய செய்தி டிபிஓ (TPO). ஜெல்லை இறுக வைக்கும் அந்த இனிஷியேட்டரை, இனப்பெருக்க ஆரோக்கியத்துக்குக் கேடானது என்று வகைப்படுத்தியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. அந்தத் தடை இங்கே சட்டமில்லை. ஆகவே ஸ்டாலில் ஒரு ஜெல் திடீரென்று பாதி விலைக்கு வந்தால், இது பழைய ஃபார்முலாவா புதுசா என்று கேட்பது நம் வேலை. பொருள்பட்டியலையும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் காட்டச் சொல்லுங்கள். கம்பெனிக்காரரே வந்து நிற்கிற ஸ்டாலில் வாட்ஸாப்பில் உடனே அனுப்பிவிடுவார்கள். "அதெல்லாம் ஆபீஸ்லதான் மேடம்" என்றால் நகர்ந்துவிடலாம். இன்னொன்று, 'ஹெமா ஃப்ரீ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் வேறொரு மெத்தாக்ரிலேட் உள்ளே இருக்கும்; அதற்கும் அலர்ஜி வரலாம்.

2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, இறக்குமதியாகும் பொருளை இங்கே பதிவு செய்திருக்க வேண்டும். லேபிளில் பதிவு எண்ணும், பதிவு பெற்றவரின் பெயர் முகவரியும் வேண்டும். எக்ஸ்போ மூலையில் கண்ணாடி ஜாடியில் லேபிளே இல்லாமல் 'பில்டர் ஜெல், கிலோ கணக்குல கிடைக்கும்' என்று விற்கிறவரும் இருப்பார். கூட்டமும் அங்கேதான் மொய்க்கும்.

டிரில் மெஷின் வாங்குவதாக இருந்தால் ஆன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள் என்பேன். எக்ஸ்போதான் அதற்குச் சரியான இடம். பெட்டியில் 35,000 ஆர்பிஎம் என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். ஸ்டாலில் பிட் மாட்டி ஓடவிட்டு, ஹேண்ட்பீஸை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துப் பாருங்கள். பிட்டின் முனை ஒற்றைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். கலங்கலாக, இரண்டு முனை இருப்பதுபோலத் தெரிந்தால் உள்ளே ஆட்டம் இருக்கிறது. அந்த ஆட்டம்தான் க்யூட்டிகிள் (நகத்தின் அடியோரத் தோல்) ஓரத்தில் நகத்தில் சிவப்புப் பள்ளமாக விழும். அப்புறம் கையோடு கொண்டுபோன ஒரு செயற்கை நக டிப்பின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வேகம் சட்டென்று இறங்கினால் மோட்டாரின் சுழற்றும் விசை (torque) கம்மி. ரீஃபிலுக்காகப் பழையதைத் தேய்த்து எடுக்கும்போது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், மணிக்கட்டு போய்விடும். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், ஹேண்ட்பீஸ் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

டெமோவைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மேடையில் ஏசி, பளீர் விளக்கு, முன்னாடியே ப்ரெப் முடித்து உட்கார வைத்த மாடல். நமக்கு மே மாத மதியம், கரண்ட் வேறு போய்ப்போய் வரும், கிளையன்ட் உள்ளங்கையில் வியர்வை. வெயிலில் அக்ரிலிக் சீக்கிரம் இறுகும். குளிர் ஊர் எஜுகேட்டர் காட்டுகிற அளவு மானமர் திரவத்தில், அதே நிதானத்தில் அக்ரிலிக் உருண்டையை (bead) நகத்தில் இழுத்தால் நம் கையில் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே டெமோ முடிந்ததும் மேடைக்கு ஓடாமல் பக்கத்து நாற்காலியைக் கேளுங்கள். தூத்துக்குடியிலோ விசாகப்பட்டினத்திலோ கடலோரப் புழுக்கத்தில் வேலை செய்கிறவர் சிக்கினால் அதிர்ஷ்டம்.

ஒரு நாள் கிளாஸ் சான்றிதழ்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரேம் போட்டு மாட்ட அழகாக இருக்கும், கிளையன்ட்டும் மதிப்பார். அதில் தப்பில்லை. கையில் ஃபைல் கொடுத்துச் செய்யச் சொல்லாத, நாற்பது பேரை உட்கார வைத்து ஸ்லைடு ஓட்டுகிற கிளாஸுக்குப் பணம் கட்டாதீர்கள். அவ்வளவுதான்.

பில் விஷயமும் மாறியிருக்கிறது. "ஜிஎஸ்டி பில் வாங்கிக்கங்க மேடம், கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்பது ஸ்டால்காரர்களின் பழைய பாட்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கூடவே, பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற உள்ளீட்டு வரிக் கழிவும் போனது. சேவை மட்டும் செய்கிறவர்களுக்கு வாங்குகிற பொருளின் ஜிஎஸ்டி இப்போது முழுக்க நம் செலவு. விலையைக் கணக்குப் போடும்போது வரியோடு சேர்த்தே போடுங்கள். ஆனாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். அதற்கான காரணம் கடைசியில் வருகிறது.

நெயில் ஆட்கள் மட்டும் கூடுகிற இடத்தைவிட, பிரைடல் மேக்கப் ஆர்ட்டிஸ்ட், மருதாணி போடுகிறவர், போட்டோகிராஃபர் எல்லோரும் வருகிற கூட்டங்களில்தான் வேலை கிடைக்கிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மேக்கப் ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் நம்மைப் பரிந்துரைத்தால் கல்யாணப்பெண், அவள் அக்கா, அத்தை என்று வரிசையாக வருவார்கள். ஆனால் முதல் தடவையே கார்டை நீட்டி "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு இருக்கிற தலைவலியைக் கேளுங்கள். மருதாணிக்கு முன்னால் நகமா, பின்னால் நகமா என்பது இந்தக் கூட்டங்களில் தீராத வழக்கு. முன்னால் போட்டால் நியூட் ஷேடில் மருதாணி ஏறி மஞ்சளடிக்கும். பின்னால் போட்டால் நம் அசிட்டோனும் டஸ்ட்டும் பட்டு மருதாணி மங்குகிறது என்று அவர்கள் சண்டைக்கு வருவார்கள். நாங்கள் சிலர் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். எக்ஸ்டென்ஷனும் ஷேப்பும் முதலில், பிறகு மருதாணி, அது நன்றாகச் சிவந்த பிறகு, கிளவுஸ் விரலை வெட்டிப் போட்டு, கலரும் டாப் கோட்டும் மட்டும் கடைசியில். இரண்டு தடவை உட்கார வேண்டியிருப்பதால் ரேட்டை அதற்கேற்ப முதலிலேயே பேசிவிடுகிறோம்.

போட்டியாளரிடம் பழகினால் கிளையன்ட்டைத் தூக்கிவிடுவாள் என்ற பயம் பலருக்கு உண்டு. ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர் விஷயத்தில் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு ஊர்க்காரரிடம் பயப்பட என்ன இருக்கிறது? சேலம், திருச்சி, புதுச்சேரி என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிற நாங்கள் ஒரு சின்ன வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிறோம். குட் மார்னிங் போட்டால் அட்மின் திட்டுவார். ஒரு தடவை சேலத்திலிருந்து, இந்த டாப் கோட் ஒரு வாரத்தில் மஞ்சளாகிறது, உங்களுக்கும் ஆகிறதா என்று பாட்டிலில் அச்சடித்த தயாரிப்புத் தொகுதி (batch) எண்ணோடு ஒரு மெசேஜ் வந்தது. எல்லோரும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம். மூன்று ஊரில் அதே எண், அதே மஞ்சள். ஒருத்தர் தனியாகப் போன் செய்தபோது "உங்க லேம்ப்புல பிரச்சினை மேடம்" என்ற டீலர், மூன்று ஊரிலிருந்தும் போட்டோ போனதும் இறங்கி வந்தார். பில் வைத்திருந்தவர்களுக்குப் புதுத் தொகுதி பாட்டிலை மாற்றிக் கொடுத்தார். பில் இல்லாதவர்கள் அதைக் கறுப்பு, மெரூன் ஷேடுகளுக்கு மேலேயே போட்டுத் தீர்த்தார்கள்.