ஸ்டீயரிங் ராடைப் பிடித்திருக்கும் சின்ன வளையம்

சித்தப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மேலும் கீழுமாக அசைத்தால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். முன் சக்கரம் இம்மியும் திரும்பாது; ஸ்டீயரிங் மட்டும் இருந்த இடத்திலேயே ஆடும். முதலில் பார்த்த மெக்கானிக், முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டுகளான டை ராடு எண்டுகளை மாற்றினார். ஆட்டம் அப்படியே இருந்தது.

ஸ்டீயரிங்கில் 'ப்ளே' என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வேறு கோளாறுகள். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கொஞ்ச தூரம் வரை சக்கரம் அசையவில்லை என்றால், தேய்ந்திருப்பது டை ராடு எண்டு, அந்தக் கம்பிகளை நகர்த்தும் பல் தண்டான ராக், ஜாயிண்ட் இவற்றில் ஒன்று. ஸ்டீயரிங்கே மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடினால், ஸ்டீயரிங்கிலிருந்து கீழே போகும் ராடைப் பிடித்திருக்கும் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றுக்கு மருந்து மற்றதற்குப் பலிக்காது.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கலோட்டி வரைந்த ட்ரையம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னையை ஒட்டிய வண்டலூரில் அதைத் தயாரித்தது. இதன் ஸ்டீயரிங் ராடு ஒரு இரும்புக் குழாய்க்குள் ஓடுகிறது. குழாய்க்கும் ராடுக்கும் நடுவில் மேலே ஒரு புஷ், கீழே ஒரு புஷ். நாம் பேரிங் என்று சொல்வது இந்த வளையங்களைத்தான். இரும்புக் குண்டுகள் உருளும் பால் பேரிங் கிடையாது.

ஏன் பால் பேரிங் வைக்கவில்லை? ஸ்டீயரிங் ராடு மோட்டார் போல நிற்காமல் சுழல்வதில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், பெரும்பாலான நேரம் சும்மா நிற்கிறது. அப்படி நிற்கும்போது குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க, சாலையின் அதிர்வு அந்த இடத்தையே குத்திக் குத்திப் பள்ளமாக்கிவிடும். இன்றைய கார்களில் குண்டுகள் அசையாதபடி ஸ்பிரிங் வைத்து இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிக்கு ரப்பரோ நைலானோ போட்ட வளையமே போதும். அதிர்வையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

ஆனால் ரப்பருக்குச் சென்னை வெயில் ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏற ஏற, காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிதைத்துத் தாறுமாறாகப் பிணைத்துவிடுகிறது. நெகிழ்ச்சி போய் ரப்பர் விறைத்து, உதிரத் தொடங்கும். கடல் காற்றில் ராடு துருப்பிடித்தால் அந்தத் துரு அரம் போல மிச்சத்தையும் அரைத்துவிடும். மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் 40 செ.மீ. தூரம், ஸ்டீயரிங் மேல் புஷ்ஷைத் தாண்டி 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் புஷ்ஷில் 2 மி.மீ. ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கில் அது 2.5 மி.மீ. ஆகும். கைக்கு அதுவே பெரிதாகத் தெரியும்.

சரி, கழற்றுவோம். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங்கும் ராடும் சேரும் இடத்தில் பஞ்ச் அடையாளம் வைக்க வேண்டும். நட்டை முழுவதும் எடுக்காமல் நாலு மரை விட்டு வையுங்கள். இல்லையென்றால் இழுக்கிற வேகத்தில் ஸ்டீயரிங் முகத்தில் மோதும். கீழே ராடை அடுத்த பாகத்தோடு இணைக்கும் ரப்பர் கப்ளிங் பக்கத்து போல்ட்டைத் தளர்த்தினால் ராடு வெளியே வரும். அந்த ரப்பரைத் தாண்டிப் போகும் சின்ன எர்த் வயரை மறந்தால் ஹார்ன் அடிக்காது. புஷ்ஷில் இரண்டு சின்னக் காதுகள் குழாயின் துளைகளில் மாட்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அவற்றை உள்ளே அழுத்தினால் புஷ் கையோடு வந்துவிடும். ராடை எமரி ஷீட்டால் கண்ணாடி போலத் தேய்த்துவிடுங்கள். ரப்பர் புஷ் போடுவதாக இருந்தால் சாதா கிரீஸ் கூடாது, அந்த எண்ணெயில் ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி.

எங்களுக்கு ரப்பர் புஷ் கிடைக்கவில்லை. மே மாதம் புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் நைலானில் கடைந்து வாங்கினோம். இம்மி இடைவெளி இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆட்டமும் போயிற்று. நவம்பரில், நாலு நாள் மழைக்கு அப்புறம், மெரினாவில் காந்தி சிலை பக்கம் திரும்பும்போது ஸ்டீயரிங் திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. சித்தப்பா கையால் இழுத்துத்தான் நேராக்கினார்.

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தானே பின்னால் திரும்பி நேராகிவிடும். காரிலும் அப்படித்தான். திருப்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் டயர் பதிகிறது. அதனால் சாலையே சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். இந்த விசை பெரியதல்ல. புஷ்ஷின் உராய்வு அதைவிட அதிகமானால் ஸ்டீயரிங் திரும்பி வராது. ஆடுகிற புஷ்ஷை விட இறுகின புஷ்தான் எனக்கு அதிக பயம்.

இறுகியது எப்படி? நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நைலான் 6 தண்ணீரில் முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் வரை குடித்து வீங்கும். வெளிப்பக்கம் இரும்புக் குழாய் விடாததால் வீக்கம் முழுவதும் உள்பக்கம் வந்து ராடை நெரிக்கிறது. மே மாத வெயிலில் எடுத்த அளவு நவம்பர் ஈரத்துக்குப் பொருந்தவில்லை.

இரண்டாவது முறை டெல்ரின் என்ற வேறு பிளாஸ்டிக்கில் கடைந்தோம். பார்க்க நைலான் போலவே இருக்கும்; ஆனால் ஊறினாலும் 1 சதவீதம் அளவில் நின்றுவிடும். ராடு வழுக்கிப் போகும் அளவுக்கு மெல்லிய இடைவெளியும் விடச் சொன்னோம். டிசம்பரில் ஒரு மழை நாளில் அதே இடத்தில் திருப்பிவிட்டு சித்தப்பா பிடியைத் தளர்த்தினார். ஸ்டீயரிங் அவர் உள்ளங்கைக்குள் மெதுவாக வழுக்கி நேரானது.