பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்

அல்சூர் ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அக்கா போன வாரம் கேட்டார்: "தம்பி, இந்தக் கறுத்த எண்ணெயில பிளேன் ஓடுமாமே, நெசமா?"

விமான எரிபொருள் சோதனைதான் பெங்களூரில் என் பிழைப்பு. ஓடும் என்றேன். ஆனால் அப்படியே ஊற்ற முடியாது. முதலில் ஹைட்ரஜனைச் செலுத்தி எண்ணெயில் உள்ள ஆக்சிஜனை நீக்க வேண்டும். பிறகு அதன் நீண்ட மூலக்கூறுகளைக் கிளைவிட்ட வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் குளிர் தாங்கும். நாம் வழக்கமாக நிரப்பும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது என்பது விதி. புதியதும் அதில் தேற வேண்டும்.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது எரிபொருள் குழாய் இணைப்பில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம். மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உள்ள அரோமாட்டிக் என்ற ஒருவகைச் சேர்மங்கள், அந்த வளையம் செய்யும் நைட்ரைல் ரப்பரை லேசாக உப்ப வைக்கும். இணைப்புகளில் இடுக்கு அடைபடுவது அப்படித்தான். எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளில் அவை அநேகமாக இல்லை. வருஷக்கணக்கில் உப்பிப் பழகிய வளையம் திடீரென்று சுருங்கினால் கசியும். வழக்கமான எரிபொருளோடு இதைக் கலப்பதற்கு இப்போது 50% உச்சவரம்பு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேதியியல் படித்தவருக்கு ரப்பர் தெரியாது. ரப்பர் தெரிந்தவருக்கு எந்த வளையம் முதலில் கசியும் என்று தெரியாது. அது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் கை அழுக்காகும் மெக்கானிக்குத் தெரியும். மூவரும் ஒரே மேசையில் உட்காராமல் இந்த வேலை நகராது.

உட்கார்ந்தபோது நகர்ந்திருக்கிறது. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எரிபொருள் தயாரித்தது. 2018 ஆகஸ்டில் அதை 25% கலந்து ஸ்பைஸ்ஜெட் விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நம் பெங்களூரின் விமானப்படைச் சோதனைப் பிரிவினர் சண்டிகரில் ஏஎன்-32 போக்குவரத்து விமானத்தில் அந்த எரிபொருளைக் கலந்து பறந்து பார்த்தார்கள். 2019 குடியரசு தின அணிவகுப்பில் 10% கலப்போடு ஏஎன்-32 டெல்லி வானில் பறந்தது.

ஒரு கிலோ ஜெட் எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகும். பழைய எண்ணெயில் இருப்பதோ செடி அண்மையில் காற்றிலிருந்து எடுத்த கரிதான்; எரித்தால் அதுவே காற்றுக்குத் திரும்புகிறது. காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டு எடுக்கும் எண்ணெய்க்கு இந்த நியாயம் பொருந்தாது. அதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பன்னாட்டு விமானங்களுக்கு 2027இல் 1%, 2028இல் 2%, 2030இல் 5% கலப்பு என்று இந்தியா இலக்கு வைத்துள்ளது. எண்ணெய் எங்கிருந்து வரும்? பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது, அல்லது மலிவு விலையில் இன்னொரு கடையின் சட்டிக்குப் போகிறது. பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25%க்கு மேல் போனால் சமையலுக்கு ஆகாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

ஆறிய எண்ணெயை வடிகட்டி, தண்ணீர் படாமல் கேனில் மூடி வையுங்கள். பழைய சமையல் எண்ணெயைச் சேகரிக்கும் ஆணையத்தின் 'ரூகோ' திட்டத்தில் பதிவுபெற்றவர்களிடமே கொடுங்கள். அடுக்குமாடிச் சங்கத்தில் சொன்னால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கேன் போதும். அக்கா நேற்று அடுப்புக்குக் கீழே இருபது லிட்டர் கேன் ஒன்றை வைத்துவிட்டார்.