டெட்ராமார்ஃப்: தமிழில் நாலுரு

கிரேக்கத்தில் ‘டெட்ரா’ என்றால் நான்கு. ‘மார்ஃபே’ என்றால் உருவம். சிறகுள்ள மனிதன், சிங்கம், காளை, கழுகு ஆகிய நான்கும் சேர்ந்து வரும் கிறிஸ்தவச் சின்னத்துக்கு ‘டெட்ராமார்ஃப்’ என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. விளையாட்டுக்கும் குறிசொல்லவும் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டுகளில் பழைய பிரெஞ்சு வகையான மார்சேய் டாரட்டின் 21ஆம் சீட்டான ‘உலகம்’ படத்தில் நான்கு மூலைகளிலும் இருப்பவை இவைதாம்.

வேதாகமத்தில் எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு ஜீவனுக்கும் நான்கு முகங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 4:7இல் அவை தனித்தனி உருவங்களாகப் பிரிந்துவிடுகின்றன. சீட்டில் வருவது இந்த இரண்டாம் வகை. 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் இரேனியு இவற்றை நான்கு நற்செய்திகளோடு இணைத்தார். ஆனால் அவர் கணக்கில் சிங்கம் யோவானுக்கு, கழுகு மாற்குவுக்கு. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு என்ற இன்றைய பங்கீடு, வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் வழியாக நிலைத்தது.

பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் மேற்கு வாயிலில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று உண்டு. நடுவே வாதுமைப் பருப்பு வடிவ ஒளிச்சூழலில் கிறிஸ்து. நம் சிற்பிகளைக் கேட்டால் இந்த ஒளிச்சூழலைத் திருவாசி என்பார்கள். சுற்றிலும் இந்த நான்கும். மார்சேய் சீட்டு இதே அமைப்பை வைத்துக்கொண்டு, கிறிஸ்து இருந்த இடத்தில் இலைவளையத்துக்குள் ஆடும் பெண்ணை நிறுத்துகிறது. இரண்டிலும் மேலே, பார்ப்பவரின் இடப்பக்கம் சிறகுள்ள மனிதன், வலப்பக்கம் கழுகு. கீழேதான் வேறுபாடு: சார்த்ரில் சிங்கம் இடம், காளை வலம், சீட்டில் காளை இடம், சிங்கம் வலம். மரக்கட்டை அச்சில் படம் இடவலம் மாறியதாகச் சொல்லிவிட முடியாது. அப்படியானால் மேல் இரண்டும் மாறியிருக்க வேண்டுமே.

எல்லா ‘உலகம்’ சீட்டுக்கும் டெட்ராமார்ஃப் என்ற சொல் பொருந்தாது. 15ஆம் நூற்றாண்டு விஸ்கோன்தி-ஸ்ஃபோர்ஸா என்ற இத்தாலிய டாரட் சீட்டுக்கட்டில் இரு குழந்தைகள் நகரம் தெரியும் உருண்டையொன்றைத் தாங்குகிறார்கள். மூலைகளில் யாரும் இல்லை. மாறாக, 1909இன் ரைடர்-வெயிட் டாரட் சீட்டுக்கட்டில் 10ஆம் சீட்டான ‘அதிர்ஷ்டச் சக்கர’த்திலும் நான்கும் வருகின்றன, ஆளுக்கொரு திறந்த புத்தகத்தோடு. நற்செய்தியாளர் அடையாளம் அங்கேதான் வெளிப்படை.

இந்த நான்கையும் ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் என்று ராசிகளாகப் படிப்பவர்களும் உண்டு. அதில் கழுகை விருச்சிகத்தோடு ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. நற்செய்தி வழியில் அந்தச் சிரமமே இல்லை.

தமிழில் ‘நான்முகம்’ என்று எழுதினால் பிரமன் வந்து நிற்பார். சீட்டில் ஓர் உருவுக்கு ஒரு முகம்தான் என்பதால் பொருளும் பிழை. ‘நான்கு ஜீவன்கள்’ வேதாகமச் சொல், ஆனால் ஓவிய அமைப்பைக் குறிக்காது. ‘நாலுரு’ நேர்ப்பொருள் தருகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. கட்டுரையில் அச்சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘நாலுரு எனும் டெட்ராமார்ஃப்’ என்று எழுதினால் போதும்.