லைவ் ஆல்பம்: நேரலையா, கச்சேரித் தொகுப்பா?

அமெரிக்கக் 'கண்ட்ரி' இசைப் பாடகர் ஜானி கேஷ் ஃபோல்சம் சிறையில் பாடிய லைவ் ஆல்பத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. லைவ் ஆல்பத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? 'நேரலை ஆல்பம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு என்றே நினைக்கிறேன். நேரலை என்றால் அங்கே நடப்பது அதே நேரத்தில் நம் வீட்டுக்கு வந்து சேர வேண்டும், கிரிக்கெட் ஆட்டம் மாதிரி, தேர்தல் முடிவு மாதிரி. கேஷ் கலிபோர்னியாவின் அந்தச் சிறையில் பாடியது 1968 ஜனவரி 13-ம் தேதி, இசைத்தட்டு வெளிவந்தது மே மாதம்.

ஆங்கிலத்தில் 'லைவ்' என்பது 'அலைவ்' என்ற சொல்லின் சுருக்கம். உயிரோடு இருக்கிற என்று பொருள். 1930-களில் வானொலியில் இசைத்தட்டைச் சுழலவிட்டும் பாட்டுப் போட்டார்கள், பாடகரை நிலையத்துக்கே வரவழைத்தும் பாட வைத்தார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல, ஆள் நேரில் பாடுவதற்கு 'லைவ்' என்ற பெயர் வந்தது. அதாவது பதிவு செய்யப்படாதது என்பதுதான் அந்தச் சொல்லின் அன்றைய வேலை. பிறகு மேடையில் பாடியதையே பதிவு செய்து விற்கத் தொடங்கியபோது அதற்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது, பொருள் மட்டும் 'கூட்டத்தின் முன்னால் பாடியது' என்று நகர்ந்துவிட்டது. நாம் தமிழாக்க வேண்டியது இந்த நகர்ந்த பொருளைத்தான்.

'ஆல்பம்' இன்னும் பழைய சொல். லத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை. ரோமில் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு 'ஆல்பம்' என்று பெயர். 16-ம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கி வைத்த வெற்றுத்தாள் ஏட்டுக்கு அந்தப் பெயர் போனது, அப்புறம் புகைப்பட ஏட்டுக்கு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பாட்டு கொள்ளும், அதனால் நீண்ட படைப்பைப் பல தட்டுகளில் பிரித்து, காகித உறைகளைப் புத்தகம்போலத் தைத்து அதற்குள் வைத்து விற்றார்கள். பார்க்கப் புகைப்பட ஆல்பம் மாதிரியே இருக்கும். 1948-ல் கொலம்பியா நிறுவனம் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்பி தட்டைக் கொண்டு வந்ததும் ஏட்டுக்குத் தேவை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இதற்குத் தமிழில் அலைய வேண்டியதே இல்லை. எட்டுத்தொகை என்று பெயர் வைத்த மொழி நம்முடையது, 'தொகுப்பு' என்றாலே போதும்.

சரி, 'கண்ட்ரி' பாடகரை 'நாட்டுப்புறப் பாடகர்' என்று எழுதலாமா? வேண்டாம். நாட்டுப்புறப் பாடல் என்றால் எழுதியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாக வந்தது என்ற எண்ணம் நமக்கு உண்டு. கண்ட்ரி இசைக்கும் அப்படி ஒரு வேர் இருக்கிறது, ஆனால் அது 1920-களிலிருந்தே ஒலிப்பதிவு நிறுவனங்களோடு வளர்ந்த தொழில்முறை இசை. 'ஹில்பில்லி' என்று இளக்காரமாகச் சொல்லப்பட்டு வந்ததை 1949-ல் பில்போர்டு இதழ் 'கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று பட்டியலிட்டது. ஒரு இசை வகையின் பெயராக அதைக் 'கண்ட்ரி' என்றே விட்டுவிடலாம், ஜாஸை ஜாஸ் என்பதுபோல.

இனி லைவ் ஆல்பம். கர்நாடக இசை ரசிகர்களிடம் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: கச்சேரிப் பதிவு. ஸ்டுடியோவில் பாடியது வேறு, கச்சேரியில் பிடித்தது வேறு என்று அவர்கள் எப்போதும் பிரித்தே பேசுவார்கள். அதை வைத்து 'கச்சேரித் தொகுப்பு' என்கிறேன் நான். கச்சேரி என்பது இந்துஸ்தானியில் நீதிமன்றத்தையும் அரசு அலுவலகத்தையும் குறித்த சொல், தாலுகா கச்சேரி என்று இங்கே சொல்லியிருக்கிறோம், இலங்கையில் மாவட்டச் செயலகத்தை இன்றும் கச்சேரி என்கிறார்கள். ஆட்கள் கூடும் இடம் என்ற நினைவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, லைவ் ஆல்பத்தில் நாம் கேட்பதும் அந்தக் கூட்டத்தைத்தான்.

ஃபோல்சத்தில் கேஷ் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் பாடினார், சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில். தட்டில் வந்தவை பெரும்பாலும் முதல் நிகழ்ச்சியில் பாடியவை. கேஷ் தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும்வரை யாரும் சத்தம் போடக்கூடாது என்று கைதிகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' என்ற பாட்டில் ரீனோ ஊரில் ஒருவனைச் சுட்டதாக வரும் வரிக்குப் பிறகு கேட்கும் ஆரவாரம் பின்னால் ஒட்டப்பட்டது, காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே யாரும் அந்த வரிக்குக் கத்தவில்லை. 'நேரலை' பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 'தொகுப்பு' என்ற சொல்லோ வெட்டியதையும் ஒட்டியதையும் மறைக்காது.

கடைசிப் பாட்டை எழுதியவர் கிளென் ஷெர்லி, அந்தச் சிறையின் கைதி, அன்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் பாட்டு கேஷ் கைக்கு வந்தது, ஒரே இரவில் கற்றுக்கொண்டு வந்து பாடினார். கைதிகளுக்கான சிறை அறிவிப்புகள்கூட அந்தக் கச்சேரித் தொகுப்பில் அப்படியே கேட்கும்.